மெஸ்: இடமா, கூட்டமா?

விமானப்படைத் தளம் ஒன்றில் ‘மெஸ் எங்கே?’ என்று கேட்டால், ‘எந்த மெஸ்?’ என்றுதான் திரும்பக் கேட்பார்கள். அதிகாரிகளுக்கு ஒன்று, வாரண்ட் ஆபீசர், சார்ஜன்ட்களுக்கு ஒன்று, கார்ப்பரலுக்கும் அவருக்குக் கீழுள்ளவர்களுக்கும் ஏர்மென் மெஸ் என்று மூன்று இருக்கும். 1948-இல் அம்பாலாவில் தொடங்கி 1954-இல் தாம்பரத்துக்கு வந்த பறப்புப் பயிற்றுநர் பள்ளியில், பகலில் வானில் பயிற்றுநரும் பயில்பவருமாக இருக்கும் இரு அதிகாரிகளும் இரவில் ஒரே மெஸ்ஸின் உறுப்பினர்கள்.

‘உறுப்பினர்’ என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய சொல். ஓட்டலுக்கு வாடிக்கையாளர் உண்டு, மெஸ்ஸுக்குக் கிடையாது. நடத்துவது ஒரு குழு. அதன் தலைவரை ‘பி.எம்.சி.’ (பிரெசிடென்ட், மெஸ் கமிட்டி) என்பார்கள். சாப்பாடு, பராமரிப்பு, உடைந்த பீங்கான் எல்லாம் சேர்ந்து மாதக் கடைசியில் பில்லாக வரும். அதைக் கட்டாமல் இழுத்தடிப்பது ஒழுங்குக் குறைவு. மாற்றலாகிப் போகிறவர் மெஸ்ஸிலும் ‘பாக்கி இல்லை’ என்று கையெழுத்து வாங்கியாக வேண்டும்.

சொல்லின் வேர் இலத்தீன். ‘மிட்டெரே’ என்றால் அனுப்பு, வை. அதிலிருந்து பழைய பிரெஞ்சில் ‘மெஸ்’, அதாவது மேசையில் வைக்கப்பட்ட உணவு. ஆங்கிலத்துக்கு வந்தபோதும் முதலில் ஒரு தட்டு உணவைத்தான் குறித்தது. பிறகு அந்தத் தட்டைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்குப் பெயராயிற்று. பெரும்பாலும் நான்கு பேர். இலண்டன் வழக்கறிஞர் சங்கங்களின் விருந்தில் நால்வர் சேர்ந்ததை மெஸ் என்று சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சகன் சாப்பாடு சாப்பிட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கட்டடத்துக்கு அந்தப் பெயர் ஏறியது அதற்கும் பின்னால். ‘அலங்கோலம்’ என்ற பொருளோ 19-ஆம் நூற்றாண்டில்தான் பரவியது.

கூட்டம் என்ற பழைய பொருள் பளிச்சென்று தெரிவது ‘டைனிங்-இன்’ என்னும் முறைப்படியான மெஸ் விருந்து இரவில். தொப்பியோடு உள்ளே போகக் கூடாது. முதன்மை விருந்தினர் உட்காரும்வரை எல்லோரும் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார்கள். அவர் கரண்டியை எடுக்கும்வரை யாரும் எடுப்பதில்லை. அவர் முடித்துக் கரண்டியையும் முள்கரண்டியையும் சேர்த்து வைத்ததும் பரிமாறுகிறவர்கள் எல்லாத் தட்டுகளையும் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். பேச்சில் மயங்கிய இளைய அதிகாரியின் தட்டு பாதிக் கோழியோடு போய்விடும். மேசையின் மறுகோடியில் இருக்கும் இளையவருக்கு அன்று ‘மிஸ்டர் வைஸ்’, அதாவது துணைத் தலைவர், என்று பெயர். மெஸ் தலைவர் அழைத்ததும் எழுந்து, குடியரசுத் தலைவருக்காகக் கோப்பை உயர்த்தும்படி எல்லோரையும் கேட்பது அவர் பொறுப்பு. அத்தனை மூத்தவர்களுக்கு நடுவே இளையவர் குரல் எழுப்பிப் பழகும் இடம் அது.

‘பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து’ என்பது நம் பழமொழி. படைக்காரர் பந்தியில் முந்தினால் மானம் போய்விடும்! (சாப்பிடும்போது கை முன்னே போகும், அம்பறாத்தூணிக்குப் பின்னே போகும் என்று இதற்குச் சொல்லப்படும் விளக்கம் கேட்க அழகு, நம்பத்தான் முடியவில்லை.)

தமிழில் என்ன சொல்வது? ‘உணவகம்’ கடையைக் காட்டுகிறது. ‘உணவுக்கூடம்’ கட்டடத்தோடு நின்றுவிடுகிறது. ‘பந்தி’ வரிசையாக உட்கார்ந்தவர்களைச் சரியாகக் குறிக்கும், ஆனால் இலை எடுத்ததும் பந்தி கலைந்துவிடும், மெஸ் கலையாது. எனக்குப் பொருத்தமாகப் படுவது ‘உணவு மன்றம்’. மன்றம் என்ற சொல் கூடும் இடத்தையும் கூடியவர்களையும் ஒருசேரக் குறிக்கிறது. அதற்கு உறுப்பினர், தலைவர், விதி எல்லாம் இயல்பாகவே ஒட்டும்: அதிகாரிகள் உணவு மன்றம், மன்றக் குழு, மன்றக் கணக்கு.

திருவல்லிக்கேணி மேன்ஷன்களுக்குப் பக்கத்தில் டோக்கனுக்குச் சோறு போடும் மெஸ்ஸை மட்டும் அப்படியே விட்டுவிடலாம். பலகையில் ‘உணவு மன்றம்’ என்று எழுதிவைத்தால், உள்ளே ஏதோ கூட்டம் நடக்கிறதென்று பசியோடு வந்தவர் திரும்பிப் போய்விடுவார்.