கல்லீரல் மாற்று: ‘மாற்று’ என்ற சொல் சரிதானா?

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள மருந்துக்கடை, டீக்கடை வாசல்களில் இப்படிப்பட்ட பேச்சு காதில் விழும்: “மச்சானுக்கு லிவரை மாத்தணும்னுட்டாங்க அண்ணாச்சி. பாதிய அவரு தங்கச்சி குடுக்கா. மெட்ராசுக்குத்தான் போகணுமாம்.” டாக்டர்கள் ‘லிவர் டிரான்ஸ்பிளான்ட்’ என்பார்கள். பத்திரிகைகள் ‘கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சை’ என்று எழுதும். அரசும் தன் அமைப்புக்குத் ‘தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம்’ என்றே பெயர் வைத்திருக்கிறது. டீக்கடைப் பேச்சும் அரசாணையும் ஒரே வினைச்சொல்லில் வந்து நிற்பது அபூர்வம்தான். ஆனாலும் ‘மாற்று என்றால் வேறு ஏதோ ஒன்று என்றல்லவா பொருள்? டிரான்ஸ்பிளான்ட் என்பதற்கு அது எப்படிப் பொருந்தும்?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

முதலில் பொருள். நோயால் செயலிழந்த கல்லீரலை எடுத்துவிட்டு, மூளைச்சாவு அடைந்த ஒருவருடைய கல்லீரலையோ, உயிரோடிருக்கும் உறவினர் தரும் கல்லீரலின் ஒரு பகுதியையோ அதே இடத்தில் வைத்து, ரத்தக் குழாய்களையும் பித்தநாளத்தையும் இணைப்பதுதான் கல்லீரல் மாற்று.

ஆங்கிலச் சொல் வயலிலிருந்து வந்தது. லத்தீனில் ‘டிரான்ஸ்’ என்றால் அப்பால், ‘பிளான்டாரே’ என்றால் நடுதல். ஓரிடத்தில் முளைத்ததைப் பெயர்த்து வேறிடத்தில் நடுவதுதான் அதன் பழைய பொருள். 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் ஒருவருடைய பல்லைப் பிடுங்கி இன்னொருவருடைய ஈறில் நட்டுப் பார்த்தார். சேவல் கொண்டையில் மனிதப் பல்லை நட்ட ஆசாமியும் அவரேதான். அந்த வேலைக்கு இந்தத் தோட்டக்காரச் சொல் கச்சிதமாகப் பொருந்தியது. பல்லில் தொடங்கியது பிறகு சிறுநீரகம், கல்லீரல், இதயம் என்று பரவியது.

அப்படியானால் நேர் தமிழ்ச் சொல் நம் கையிலேயே இருக்கிறது. தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவத்துக்கும் நாற்றங்காலில் நாற்றுப் பாவி, 25, 30 நாளில் பிடுங்கி, முடி கட்டி வயலுக்குக் கொண்டுபோய் ஊன்றுவதற்கு நடுகை என்றுதானே பெயர்? கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியில் போய் ‘டிரான்ஸ்பிளான்டர்’ என்று கேட்டால் நெல் நடவு இயந்திரத்தைத்தான் காட்டுவார்கள். எனவே ‘உறுப்பு நடுகை’ என்று சொல்வதே மூலத்துக்கு நெருக்கம் என்று வாதாடலாம். நானும் கொஞ்ச காலம் அந்தக் கட்சியில் இருந்தேன். ஆனால் மூலச் சொல்லைப் பார்ப்பதை விட்டுவிட்டு அறுவை அரங்கில் என்ன நடக்கிறது என்று பார்த்தால், கல்லீரலுக்கு நடுகையைவிட மாற்று நன்றாகவே பொருந்துகிறது.

கல்லீரல் சுமார் ஒன்றரைக் கிலோ எடை. வலது விலாவுக்கு அடியில், உதரவிதானத்தை ஒட்டிக் கிடக்கிறது. அதற்குள் ரத்தம் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று தமனி. மற்றொன்று குடலிலிருந்து சத்தைச் சுமந்துவரும் போர்ட்டல் சிரை. உள்ளே வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்தச் சிரை வழியாகத்தான். (லத்தீனில் ‘போர்ட்டா’ என்றால் வாயில், அதனால் வாயிற்சிரை என்றும் சொல்லலாம்.) இவ்வளவு பெரிய உறுப்பை, இவ்வளவு ரத்தம் பாயும் இடத்தில், பழையதை வைத்துக்கொண்டே பக்கத்தில் இன்னொன்றை நடுவதற்கு இடமில்லை. முதலில் கெட்ட கல்லீரலை முழுதாக வெளியே எடுக்க வேண்டும். பல மணி நேரம் நீளும் அறுவையில் கைக்கு அதிகம் வேலை வைப்பது பெரும்பாலும் இந்தக் கட்டம்தான். சுருங்கிப்போன கல்லீரலைச் சுற்றிப் புடைத்த ரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கும், தொட்ட இடமெல்லாம் கசியும். 1963இல் அமெரிக்காவின் டென்வரில் தாமஸ் ஸ்டார்சல் என்ற அறுவை மருத்துவர் முதன்முதலில் ஒரு குழந்தைக்குக் கல்லீரலை மாற்ற முயன்றபோது, அந்தக் குழந்தை ரத்தப்போக்கால் மேசையிலேயே இறந்துபோனது. ஓராண்டைத் தாண்டி ஒரு நோயாளியைப் பிழைக்க வைக்க அவருக்கு 1967 வரை ஆனது.

பழையது வெளியே போன பிறகு, அதே குழியில் புதியதை வைத்து முதலில் சிரைகளை இணைக்கிறார்கள். கவ்விகளைத் தளர்த்தியதும், பனிக்கட்டியில் வெளிறிக் கிடந்த ஈரலில் ரத்தம் ஏறிச் செம்பழுப்பாக நிறம் திரும்பும். பிறகு தமனி, கடைசியில் பித்தநாளம். வெட்டிய நாளத்தின் நுனியில் பொன்னிறமாகப் பித்தம் சொட்ட ஆரம்பித்தால் ஈரல் வேலைக்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். பிற்பாடு அதிகம் தொல்லை கொடுப்பதும் இந்தப் பித்தநாள இணைப்புதான். கசியும், அல்லது நாளடைவில் சுருங்கிக் காமாலையைத் திரும்பக் கொண்டுவரும்.

ஆக, ஒன்றை எடுத்துவிட்டு அதே இடத்தில் அதே வேலைக்கு இன்னொன்றை வைப்பது. தமிழில் இதற்கு மாற்றுதல் என்பதைவிடப் பொருத்தமான வினை இல்லை. ஆங்கிலச் சொல்லில் பழையதை எடுப்பது என்ற பாதி வேலையே காணோம்.

வேடிக்கை என்னவென்றால், இதே சொல்லைச் சிறுநீரகத்துக்குச் சொல்லும்போதுதான் இடிக்கிறது. அங்கே பழைய சிறுநீரகங்கள் இரண்டையும் பெரும்பாலும் தொடுவதே இல்லை. புதியதை அடிவயிற்றின் ஓரத்தில், இடுப்பெலும்பின் குழியில் வைத்து, காலுக்குப் போகும் ரத்தக் குழாய்களோடு இணைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்துகொண்டவர் வயிற்றில் மூன்று சிறுநீரகங்கள் இருக்கும். மாற்றியது எதை? அதற்கு நடுகைதான் பொருத்தம். ஆனால் ‘சிறுநீரக மாற்று’ என்பது நாடு முழுக்கப் பரவிவிட்டது. அதை இனி அசைக்க முடியாது, அசைக்கவும் வேண்டாம்.

சரி, ‘மாற்று’ எங்கிருந்து வந்தது? மாறு என்ற தன்வினையின் பிறவினை மாற்று. அதுவே பெயராகவும் நிற்கும். பண்டமாற்று, மாற்றுடை (நம் பக்கத்தில் மாத்துத்துணி), நஞ்சை முறிக்கும் மாற்று மருந்து, பொன்னின் தரத்தைச் சொல்லும் பத்தரை மாற்று என்று அதன் கிளைகள் நீளும். பழைய வழக்கில் ‘ஒன்றின் இடத்தில் இன்னொன்று’ என்ற பொருளே ஓங்கி நிற்கிறது. ‘மாற்று மருத்துவம்’, ‘மாற்று அரசியல்’ என்று வேறொரு வழி என்ற பொருளில் எழுதுவது பிற்பாடு பெருகியது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ‘மாற்று அறுவைச் சிகிச்சை’ என்று உறுப்பின் பெயரை விட்டுவிட்டுத் தலைப்புப் போட்டால், வழக்கமான அறுவைக்குப் பதிலாக வேறு ஏதோ அறுவை என்று வாசகர் நினைத்துக்கொள்வார். ‘மாற்றுக் கல்லீரல்’ என்றாலோ செயற்கைக் கல்லீரல் என்று தோன்றும். ‘கல்லீரல் மாற்றம்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. மாற்றம் என்பது தானாக மாறுவதையும் குறிக்கும், கொழுப்பு படிந்து கல்லீரலில் ஏற்படும் மாற்றத்தையும் அப்படித்தானே சொல்கிறோம்? ஆகவே கல்லீரல் மாற்று, கல்லீரல் மாற்றுச் சிகிச்சை, இந்த இரண்டும் போதும்.

கல்லீரலுக்கும் ஒரு வார்த்தை. கிரேக்கத்தில் ஈரலுக்கு ‘ஹெப்பார்’ என்று பெயர். ‘ஹெப்பட்டைட்டிஸ்’, ‘ஹெப்பாட்டோ பிலியரி’ எல்லாம் அதன் வழி வந்தவை. பெரிய ஆஸ்பத்திரிகளில் ‘ஹெச்.பி.பி.’ என்று பலகை தொங்குகிற பிரிவு கல்லீரல், கணையம், பித்தநாளம் மூன்றையும் பார்க்கும் அறுவைப் பிரிவுதான், அப்படியே தமிழில் எழுதிவைத்தாலும் யாருக்கும் புரியும். நம்மூரில் பொதுப் பெயர் ஈரல். பயந்துபோனால் ‘ஈரக்குலை நடுங்கிட்டு’ என்போம். கறிக்கடையில் ஈரல் என்று கேட்டால் கல்லீரலைத் தருவார்கள். மண்ணீரலுக்கு அங்கே சுவரொட்டி என்று தனிப் பெயர். ‘சிரோசிஸ்’ என்ற சொல்லை 1819இல் லென்னெக் என்ற பிரெஞ்சு மருத்துவர் உண்டாக்கினார், மங்கிய மஞ்சள் நிறம் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து. அவர் நிறத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார். நாம் வடிவத்தைப் பார்த்து ‘ஈரல் சுருங்கிட்டு’ என்கிறோம். கல்லீரல் சுருக்கம் நல்ல சொல்.

பித்தப்பை மட்டும் இந்த மாற்றில் சேர்த்தி இல்லை. பழைய ஈரலோடு நோயாளியின் பித்தப்பையும் போய்விடும். வருகிற ஈரலிலும் பித்தப்பையை எடுத்துவிட்டுத்தான் இணைப்பார்கள். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் சுரக்கும் பித்தம் நாளம் வழியாக நேரே குடலுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவதால், அந்தப் பை இல்லாமலேயே காலம் தள்ளலாம். பித்தப்பைக் கல்லுக்காக ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான்.

டீக்கடைப் பேச்சில் ‘பாதிய தங்கச்சி குடுக்கா’ என்று வந்ததே, அது மிகை இல்லை. பெரியவர்களுக்கு என்றால் கொடுப்பவரின் வலது மடலை, அதாவது ஈரலில் பாதிக்குச் சற்று மேலே, எடுப்பது வழக்கம். குழந்தைக்கு என்றால் இடப்பக்கத்தின் ஒரு சிறு பகுதி போதும். 1998இல் டெல்லியில் காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்குத் தந்தையின் ஈரலில் ஒரு பகுதியை வைத்ததுதான் இந்தியாவில் உயிருள்ள கொடையாளியிடம் பெற்றுச் செய்த முதல் வெற்றி. கொடுத்தவரிடம் மிஞ்சியதும், வாங்கியவரிடம் வைத்ததும் சில வாரங்களில், மாதங்களில் ஏறக்குறைய முழு அளவுக்கு வளர்ந்துவிடும். வெட்டிய மடல் திரும்ப முளைப்பதில்லை, இருக்கிற பகுதிதான் பெருக்கிறது. இந்த வளர்ச்சியை ‘மாற்று’ சொல்லாமல் விடுகிறது என்பது உண்மை. மருத்துவர்கள் அந்தத் துண்டை ‘கிராஃப்ட்’ என்பார்கள், அதுவும் தோட்டத்திலிருந்து வந்த சொல்தான். ஒட்டு மாங்கன்றும் தோல் ஒட்டும் நமக்குப் பழக்கம் என்பதால் ‘ஈரல் ஒட்டு’ என்று எழுதத் தடையில்லை.

வைத்த ஈரலை உடம்பு எதிர்ப்பதற்குப் பாடநூல் ‘நிராகரிப்பு’ என்கிறது. விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியது மாதிரி இருக்கிறது அந்தச் சொல். ‘உடம்பு ஒத்துக்கிடலை’ என்று நெல்லைக்காரர் சொல்வதே தெளிவு. எழுத்தில் ‘ஏற்காமை’ என்று வைத்துக்கொள்ளலாம். அதைத் தடுக்கத்தான் டாக்ரோலிமஸ் போன்ற எதிர்ப்பாற்றல் தணிக்கும் மாத்திரைகளைப் பெரும்பாலானோர் ஆயுள் முழுக்க, நேரம் தவறாமல் சாப்பிட வேண்டியிருக்கிறது.

கடைசியாகத் தானமா, கொடையா என்ற தகராறு. தனித்தமிழ் விரும்புகிறவர்கள் ‘உறுப்புக் கொடை’ என்று எழுதுகிறார்கள். மதுரைக்கு வடக்கே அது சரியாக இருக்கலாம். நம் பக்கத்தில் கொடை என்றால் கோவில் திருவிழா: சுடலைமாடன் கோவில் கொடை, அம்மன் கோவில் கொடை. வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும் காதில் கேட்டுவிடும். ‘கல்லீரல் கொடை எப்போ?’ என்று எழுதினால் ஊரில் வரி பிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் தானத்தின் பக்கம். ஆனால் கொடுக்கிறவரைக் கொடையாளி என்று சொல்லும்போது அந்தச் சிக்கல் வருவதில்லை. வாங்குகிறவரைப் ‘பெறுநர்’ என்று எழுதினால் கடிதத்தின் மேல்முகவரி ஞாபகம் வருகிறது, ‘பெறுபவர்’ போதும்.

யார் கொடுக்கலாம் என்பதிலும் உறவுச் சொல் கவனம் வேண்டும். 1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டம் ‘நெருங்கிய உறவினர்’ என்று கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்களைச் சொன்னது. 2011 திருத்தம் தாத்தா, பாட்டி, பேரன், பேத்தியைச் சேர்த்தது. எனவே தங்கச்சி கொடுக்கலாம். மைனியோ அத்தை மகனோ கொடுக்க முன்வந்தால், ஊர்க்கணக்கில் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் சட்டத்தின் கணக்கில் அவர்கள் வெளி ஆள். அங்கீகாரக் குழு முன்னால் போய், பணம் கைமாறவில்லை, அன்பால்தான் கொடுக்கிறோம் என்று காட்டி அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பத்தில் ‘உறவு’ என்ற கட்டத்தில் ‘சொந்தம்’ என்று பொதுவாக எழுதாமல், நோயாளியின் அண்ணன் மனைவி, தந்தையின் தங்கை மகன் என்று விரித்து எழுதிவிட்டால் அலைச்சல் கொஞ்சம் குறையும்.