லண்டன் போறப்ப லேட்டு, வர்றப்ப சீக்கிரம், ஏன்?

தேவகோட்டையிலேருந்து ஒரு ஆச்சி கேட்டிருந்தாங்க. "மகன் லண்டன்ல இருக்கான் தம்பி, அங்க போறப்ப கூட நேரமாகுது, திரும்புறப்ப கொறச்சலா ஆகுது. பூமி கிழக்கு பக்கமாத்தான சுத்துது, அப்ப லண்டன்தான நம்மளப் பாத்து வரணும், போறதுல்ல சீக்கிரமா இருக்கணும்?"

கேள்வி அருமை ஆச்சி. ஆனா பூமியோட சேந்து காத்தும் சுத்துது. பல்லவன் எக்ஸ்பிரஸ்ல உக்காந்து ஆரஞ்ச மேல தூக்கிப் போட்டா பின்னாடி பெட்டிக்கா போகுது, உங்க கையிலதான் விழும், அதே கததான்.

சென்னை லண்டன் நேர்வழி சுமார் 8,200 கிலோமீட்டர். பிளேன் காத்துக்குள்ள மணிக்கு 900 கிட்ட போகும், அப்ப 9 மணி சொச்சம். சராசரியா 50 எதிர்காத்து இருந்தா 850தான் தேறும், அதே காத்து பின்னாடி தள்ளுனா 950, இதுலயே ஒரு மணி நேரம் வித்தியாசம் வந்துருது. ஏற, எறங்க, சண்ட நடக்குற நாட்ட சுத்திப் போக ஆகுறதெல்லாம் தனி.

அந்தக் காத்து எப்படி உண்டாகுதுங்கிறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம். சூடான காத்து விரியும், அதனால வெப்பமான ஊருக்கு மேல இருக்கிற காத்து உயரமா நிக்கும், குளிர்ந்த பக்கம் குட்டையா நிக்கும். அப்ப 10 கிலோமீட்டர் ஒசரத்துல பாத்தா தெக்க அழுத்தம் கூட, வடக்க கம்மி, காத்து வடக்க ஓடப் பாக்குது, ஆனா பூமி சுத்துறதால வலது கை பக்கமா திரும்பித் திரும்பி கடைசியில கிழக்க பாத்தே ஓடுது. இதுதான் ஜெட் ஸ்ட்ரீம். பாருங்க, சுத்துறது இப்படி கொல்லப்பக்கமா உள்ள வந்துருச்சு!

இன்னும் கேளுங்க. ஆடி மாசம் நம்ம காரைக்குடில மேகாத்து புழுதிய வாரி அடிக்கும்ல, அப்ப நேர் மேல 14, 15 கிலோமீட்டர் ஒசரத்துல காத்து அப்படியே எதிர்த்திசையில, கிழக்கேருந்து மேற்க ஓடிக்கிட்டு இருக்கும். கோடையில திபெத் பீடபூமி காயுது, மழை மேகமும் சூட்டக் கக்குது, அதனால நமக்கு வடக்க இருக்கிற காத்துதான் ஒசந்து நிக்குது. காத்து தெக்க ஓடப் பாத்து வலது பக்கம் திரும்புனா மேற்குதான? இத 1958ல விளக்கி எழுதுனவர் நம்ம நாட்டு வானிலை விஞ்ஞானி பி. கோடீஸ்வரம். மீனம்பாக்கம் மாதிரி எடத்துலேருந்து தெனமும் பலூன் விட்டு ஒசரத்துக் காத்த அளக்குறாங்க, அதுக்கு காசு ஒதுக்குறப்ப மட்டும் கை நடுங்குது நம்மாளுகளுக்கு. இதுல வெள்ளிக்கெழம மேற்க சூலம்னு டிக்கெட்ட மாத்துறவங்க வேற, சூலம் எந்தப் பக்கம் இருந்தாலும் எதிர்காத்து எதிர்காத்துதான்.

பிளேன் போறது 10, 12 கிலோமீட்டர்லங்கிறதால இந்த ஆடி ஓட்டத்தோட அடிப்பக்கம்தான் அதுக்கு கெடைக்கும். லண்டன் போறப்ப மொதல்ல கொஞ்சம் தள்ளிவிடும், வடமேற்க போகப் போக பழைய எதிர்காத்து வந்துரும். மார்கழி, தைல அந்த எதிர்காத்து வட இந்தியா வரைக்கும் எறங்கி வந்து பலமா அடிக்கும், அப்ப கெளம்புனா இன்னும் லேட்டாகும் ஆச்சி, மகன ஏர்போர்ட்டுக்கு மெதுவாவே வரச் சொல்லுங்க.