கைத்தொலைபேசி வழிப் பின்தொடர்தலும் வன்னிப் பெண்களுக்குள்ள சட்டப் பாதுகாப்பும்

ஒருவரை விடாது கண்காணித்துத் தொல்லைப்படுத்தும் பின்தொடர்தல் (stalking) என்ற பெயரில் இலங்கைச் சட்டத்தில் தனிக் குற்றம் இல்லை. அதனால் முறைப்பாடு செய்ய வழியில்லை என்று கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெண்கள் பேசாமல் இருந்துவிடுவது பெரும் இழப்பாகும்.

வவுனியாவுக்குப் போகும் செய்தியை யாரிடமும் சொல்லாதபோதும் ஒருவர் அறிந்திருந்தால், தொலைபேசியை ஐயுற வேண்டும். வட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்களையும் கூகுள் மெப்பில் இருப்பிடப் பகிர்வையும் முதலில் பாருங்கள். தொலைபேசி வாங்கிய கடையிலோ உறவினரோ திறந்து கொடுத்த ஜிமெயில் கணக்கை அப்படியே பயன்படுத்துவோர் நம்மிடையே உள்ளனர். அதன் கடவுச்சொல் இன்றும் அவர்கள் கையில் இருக்கக்கூடும். அனுமதியின்றி அக்கணக்கினுள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி குற்றமாகும்.

சொல்லாலோ செயலாலோ பாலியல் தொல்லை கொடுப்பவருக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கிறது.

தொல்லை தருபவர் கணவராகவோ, பிரிந்துபோன கணவராகவோ, நெருங்கிய உறவினராகவோ இருந்தால், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டமே மிகவும் பயன்படும் என்பது என் கருத்து. ஏனெனில், தண்டனை வரும்வரை காத்திராமல், அச்சுறுத்தும் வகையில் பின்தொடர்வதையும் தொடர்புகொள்ள முயல்வதையும் தடைசெய்து 12 மாதங்கள் வரை நீடிக்கும் பாதுகாப்புக் கட்டளையை நீதவான் நீதிமன்றம் வழங்கலாம். விசாரணைக்கு முன்னரே இடைக்காலக் கட்டளையும் பெறலாம். பாதிக்கப்பட்டவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்க முடியும். கட்டளையை மீறுபவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு.

சிம் அட்டையை மாற்றிவிட்டு எல்லாவற்றையும் அழித்துவிடும்படி வீட்டார் சொல்வது அக்கறையினால்தான் என்றாலும், அழிந்துபோவது சான்றேயாகும். எண்ணும் திகதியும் நேரமும் தெரியும்படி திரைப்பிடிப்பு (screenshot) எடுத்து, நம்பிக்கையான ஒருவரிடமும் ஒரு பிரதியைக் கொடுத்துவையுங்கள். பிரிந்தவரால் உயிராபத்து உண்டென்று அஞ்சினால், இருப்பிடப் பகிர்வைத் திடீரென நிறுத்துமுன் பாதுகாப்பான இடமொன்றைத் தேடிக்கொள்வது அவசியம்.

முறைப்பாட்டைத் தமிழிலேயே பதிவுசெய்யக் கோருவது உங்கள் உரிமை; பதிவான வாக்குமூலத்தை வாசித்தறிந்த பின்னரே கையொப்பமிட்டு, முறைப்பாட்டு இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பெண்கள் 1938 என்ற இலக்கத்துக்கும், பாதிக்கப்பட்டவர் சிறுவராயின் 1929க்கும், உடனடி ஆபத்தில் 119க்கும் அழைக்கலாம். சட்டத்தரணிக்குச் செலுத்த வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.