விதி இடைநிறுத்தம்: சொல்லும் பொருளும்

சங்கம், மன்றம், கூட்டமைப்பு முதலிய உறுப்பினர் அமைப்புகளின் கூட்டம் ஒன்றில், ஒரு குறிப்பிட்ட செயலைச் செய்வதற்குக் குறுக்கே நிற்கும் நடைமுறை விதியை அந்தச் செயல் முடியும்வரை மட்டும் விலக்கிவைக்கக் கூட்டமே முடிவெடுப்பதை விதி இடைநிறுத்தம் எனலாம். நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக உள்ள கணக்கறிக்கையை, தணிக்கையாளர் விரைவில் புறப்பட வேண்டியிருப்பதால், இரண்டாவதாக எடுத்துக்கொள்வது இதற்கு எளிய எடுத்துக்காட்டு. அறிக்கை முடிந்ததும் விதி தானாகவே உயிர்பெறும். அதை மீட்க மற்றொரு தீர்மானம் வேண்டியதில்லை.

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘சஸ்பென்ஷன்’ என்ற சொல்லுக்கு மூலம், தொங்கவிடுதல் என்று பொருள்படும் இலத்தீன் வினை. தொங்கவிட்ட பொருள் அழிவதில்லை என்பதால், நீக்கம், திருத்தம் ஆகிய இரண்டினின்றும் இது வேறுபடுகிறது. தமிழில் ‘சஸ்பெண்ட்’ என்றதும் ஊழியரின் பணியிடை நீக்கமே நினைவுக்கு வருவதால், சிலர் ‘விதி நீக்கம்’ என்று எழுதிவிடுகிறார்கள். விதி எந்தக் குற்றமும் செய்யவில்லை, நீக்கப்படவும் இல்லை. தமிழ்நாட்டுச் சட்டமன்றச் செய்திகளில் ‘விதியைத் தளர்த்துதல்’ என்பதே பெருவழக்கு. 2023 ஏப்ரலில் ஆளுநரைப் பற்றிப் பேரவையில் விவாதிப்பதற்காக, அதற்குத் தடையாக இருந்த விதியைத் தளர்த்தத் தீர்மானம் கொண்டுவரப்பட்டபோதும் நாளிதழ்கள் இச்சொல்லையே ஆண்டன. ஆனால் தளர்த்திய கட்டு ஓரளவு கட்டாகவே இருக்கிறது. இங்கோ அந்த ஒரு செயலைப் பொறுத்தவரை விதி முற்றிலும் செயலற்றுப்போகிறது. இலங்கைத் தமிழர் நாடாளுமன்ற விதிகளை ‘நிலையியற் கட்டளைகள்’ என்றும், அவற்றை ‘இடைநிறுத்துதல்’ என்றும் கூறுவது பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. ‘நிறுத்திவைத்தல்’ என்பதும் பிழையன்று. பேச்சில் அதுவே இயல்பாக வரும்.

அமெரிக்கப் படைப் பொறியாளர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட் 1876இல் வெளியிட்ட ஒழுங்கு விதி நூலைப் பின்பற்றும் அமைப்புகளில், ஒருவர் முன்மொழிந்து மற்றொருவர் வழிமொழிந்த பின், விவாதமோ திருத்தமோ இன்றி இத்தீர்மானம் வாக்கெடுப்புக்கு விடப்படும். நடைமுறை விதியானால் வாக்களித்தோரில் மூன்றில் இரு பங்கினரின் ஆதரவு வேண்டும்; விருந்தினர் அனுமதி போன்ற நிர்வாக ஏற்பாடுகளுக்குப் பெரும்பான்மையே போதும். யாருக்கும் ஆட்சேபமில்லை எனில், தலைவர் அவையைக் கேட்டுவிட்டு வாக்கெடுப்பின்றியே மேற்செல்லலாம். பெரும்பாலும் நடப்பது இதுதான். எந்த விதி என்று எண் குறிப்பிட வேண்டிய தேவையும் இல்லை, எந்தச் செயலுக்காக என்று கூறினால் போதும்.

பிழை பெரும்பாலும் நேர்வது எல்லையில்தான். இத்தீர்மானத்தைக் கொண்டு அமைப்பின் அடிப்படைச் சட்டமான துணைவிதிகளைக் கடந்துவிடலாம் என்று எண்ணுவோர் பலர். துணைவிதியே அதற்கு இடமளித்திருந்தாலோ, அந்தப் பிரிவு இயல்பில் வெறும் கூட்ட நடைமுறையாக இருந்தாலோ அன்றி, வந்திருப்போர் அனைவரும் ஒருமனதாக ஒப்பினாலும் அது செல்லாது. குறைவெண்ணும் (கூட்டம் நடக்க வேண்டிய குறைந்தபட்ச வருகை) முன்னறிவிப்பும் வராதவர்களைக் காப்பதற்காக வகுக்கப்பட்டவை. வராதவருடைய உரிமையை வந்தவர்கள் விட்டுக்கொடுக்க முடியாது. இரகசிய வாக்கெடுப்பைத் துணைவிதி கட்டாயமாக்கியிருந்தால், கைதூக்கித் தேர்தலை முடித்துவிடுவோம் என்ற யோசனையும் இதைப் போன்ற காரணத்தால் அடிபடுகிறது: தன் வாக்கு எதுவென்று வெளிப்படாமல் இருக்கும் உரிமை தனி உறுப்பினருடையது.

இந்திய மாநிலங்களவையின் 267ஆம் விதியும் இவ்வகையைச் சேர்ந்ததே என்றாலும், அங்கே அவைத்தலைவரின் இசைவு இல்லாமல் தீர்மானத்தை முன்மொழியவே இயலாது. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு பற்றிய விவாதம் இவ்விதியின்கீழ் அனுமதிக்கப்பட்டது; அதன்பின் நாள்தோறும் அறிவிப்புகள் குவிந்தாலும் அவை பெரும்பாலும் ஏற்கப்படுவதில்லை. சங்கக் கூட்டத்தில் தலைவருக்கு அத்தகைய தனி அதிகாரம் கிடையாது, முடிவு அவையினுடையது.

கூட்டக் குறிப்பேட்டில் ‘விதிகள் தளர்த்தப்பட்டன’ என்று மொட்டையாக எழுதுவதைத் தவிர்த்து, ‘கணக்கறிக்கையை உடனே கேட்பதற்கு இடையூறான விதிகள் மூன்றில் இரு பங்கு வாக்குகளால் இடைநிறுத்தப்பட்டன’ என நோக்கத்தையும் வாக்களவையும் சேர்த்தெழுதுவதே முறை.