அழற்சி: சொல் விளக்கம்

உடற்பருமன் கண்ணையும் கெடுக்கும் என்று விளக்கும் கட்டுரைகளில் ‘இன்ஃபிளமேஷன்’ தவறாமல் வந்துவிடுகிறது. அதைச் சிலர் ‘வீக்கம்’ என்று தமிழாக்கிவிடுகிறார்கள். படிப்பவர் கண்ணாடியில் இமையைப் பார்த்து, வீங்கவில்லையே என்று நிம்மதியாகப் போய்விடுவார். சரியான சொல் அழற்சி: காயத்துக்கோ தொற்றுக்கோ உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு காட்டும் எதிர்வினை.

லத்தீனில் ‘ஃபிளாமா’ என்றால் தீச்சுடர். ‘இன்ஃபிளமாரே’ என்றால் தீமூட்டுதல். தமிழில் அழல் என்றாலும் தீதான். ‘அழல்போலும் மாலை’ என்று குறளிலேயே (1228) வருகிறது. முயல் முயற்சியாகவும் சுழல் சுழற்சியாகவும் ஆவதைப் போலவே அழல் அழற்சியாகிறது. சித்த மருத்துவத்தில் பித்தத்துக்கும் அழல் என்று பெயர் உண்டு. அதை இதோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை. ஒவ்வாமையும் வேறு: அது அழற்சியைத் தூண்டலாம், ஆனால் அதுவே அழற்சி ஆகாது.

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியரான செல்சஸ் இதற்கு நான்கு அடையாளங்கள் சொன்னார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. ஆக, வீக்கம் நான்கில் ஒன்று மட்டுமே. ஐந்தாவதாகச் செயலிழப்பைப் பிற்காலத்தவர் சேர்த்தார்கள். ‘மெட்ராஸ் ஐ’ வந்தவரின் கண்ணைப் பார்த்தாலே இவற்றில் பாதி தெரிந்துவிடும். அதன் தமிழ்ப் பெயரே விழிவெண்படல அழற்சி.

உடற்பருமன் தரும் அழற்சி இந்த இலக்கணத்துக்கு அடங்குவதில்லை. கொழுப்புத் திசுவை வெறும் சேமிப்புக் கிடங்காகவே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். பருத்த எலிகளில் அத்திசு டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதத்தை மிகுதியாக உண்டாக்குவதை 1993இல் ஹோட்டமிஸ்லிகில் என்ற ஆய்வாளரின் குழுவினர் காட்டினார்கள். மேக்ரோஃபேஜ் எனும் விழுங்கு செல்கள் அங்கே குவிவது 2003இல் தெரியவந்தது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. நீறு பூத்த நெருப்பு. ‘மெட்டபாலிக்’கின் தலையையும் ‘இன்ஃபிளமேஷ’னின் உடலையும் ஒட்டி இதை ‘மெட்டாஃபிளமேஷன்’ என்கிறார்கள். ‘வளர்சிதைமாற்ற அழற்சி’ துல்லியமான தமிழ். பொதுவாசகருக்கு ‘தாழ்நிலை அழற்சி’ போதும் என்பது என் கருத்து.

விழித்திரையில் வலியுணரும் நரம்புகள் இல்லாததால் அங்கே இந்த நெருப்பு இன்னும் மறைவானது. விழித்திரையின் நடுப்பகுதியான மஞ்சள்புள்ளி வயதாக ஆகக் கெடும் நோய் வயதுசார் மஞ்சள்புள்ளிச் சிதைவு. இதில் விழித்திரைக்கு அடியில் ‘ட்ரூசன்’ என்ற படிவுகள் சேர்கின்றன. நோயெதிர்ப்பு வேலையில் பங்கேற்கும் ‘காம்ப்ளிமென்ட்’ புரதங்கள் அவற்றில் உண்டு. அந்தப் புரதங்களைக் கட்டுப்படுத்தும் மரபணுவின் ஒரு மாற்றம் இந்நோயின் ஆபத்தைக் கூட்டுவது 2005இல் உறுதியானது. நோயாளி உணர்வதோ ஐந்தாவது அடையாளத்தை மட்டுமே: நேர்க்கோடு வளைகிறது, படிக்கும் சொல்லின் நடுவே கறை நிற்கிறது. நோயின் பெயரில் அழற்சி இல்லை, சிதைவுதான் இருக்கிறது. மரபணுக் கோளாறான ‘ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா’ என்ற விழித்திரை நோயின் பெயரிலோ ‘ஐட்டிஸ்’ என்ற அழற்சி விகுதி ஒட்டிக்கொண்டிருக்கிறது! மருத்துவப் பெயர்களை நம்பி நோயை ஊகிக்கக் கூடாது.

உணவுக்கு வருவோம். மான்ட்ரியல் ஆய்வாளர்கள் 2023இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பு மிகுந்த தீனியால் பருத்த சுண்டெலிகள் பிறகு எடை குறைந்தன. ஆனாலும் அவற்றின் விழுங்கு செல்கள் அழற்சிக்கு ஆயத்தமான நிலையிலேயே நின்றன. கண்ணில் கேடான புதிய ரத்தக் குழாய்கள் கூடுதலாக வளர்ந்தன. மனிதருக்கும் இப்படியே என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

மஞ்சள்புள்ளிக்கு நிறம் தரும் நிறமிகளில் ஒன்றான லூட்டினின் பெயரும் மஞ்சளைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. உடலால் அதை உண்டாக்க முடியாது. கீரை, முட்டையின் மஞ்சள் கரு, மக்காச்சோளம் வழியாகத்தான் வர வேண்டும். 2013இல் முடிவு வெளியான அமெரிக்காவின் ‘ஏரெட்ஸ் 2’ ஆய்வுக்குப் பிறகு, 10 மி.கி. லூட்டின் சேர்ந்த மாத்திரை இடைநிலைச் சிதைவு உள்ளவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. அது நோய் முற்றுவதைத் தாமதப்படுத்தும். நோய் வராமல் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. அதே ஆய்வில் ஒமேகா 3 சேர்த்துப் பார்த்ததில் கூடுதல் பயன் எதுவும் தென்படவில்லை.