அராபெஸ்க்கின் விம்மல் எந்தச் சுரத்தில் இருக்கிறது?

"துருக்கிய அராபெஸ்க் பாட்டில் ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனாலும் யாரோ விம்முவதுபோலக் கேட்கிறதே, எப்படி?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

முதலில் வரலாறு. 1934-இல் துருக்கிய அரசு ஒட்டோமான் மரபிசையை வானொலியில் தடைசெய்தது. தடை சுமார் இரண்டு ஆண்டுகள் நீடித்தது. மக்கள் கெய்ரோ வானொலியின் பக்கம் திரும்பினார்கள். எகிப்தியப் படப் பாடல்களும் வந்து சேர்ந்தன. அப்புறம் அனடோலியக் கிராமத்தார் பிழைப்புக்காக இஸ்தான்புல்லில் குடியேறினார்கள், கையில் பக்லாமா என்ற நீண்ட கழுத்துள்ள தந்தி வாத்தியத்தோடு. 1960-களின் இறுதியில் இசைக்கலைஞர் ஓர்ஹான் கென்ஜெபாய் இவை எல்லாவற்றையும் இணைத்தார்; அதுதான் அராபெஸ்க். அரசு வானொலி ஒதுக்கிய அந்த இசையைக் கேசட்டுகளும் டோல்முஷ் என்ற பகிர்வு வேன்களும் ஊரெங்கும் கொண்டுசென்றன.

சரி, விம்மலுக்கு வருவோம். பியானோ ஒரு ஸ்தாயியை 12 சம பங்காக்குகிறது. துருக்கிய இசையியல் அதையே 53 'கோமா'வாக அளக்கிறது. ஒரு கோமா ஏறினால் அதிர்வெண் 1.3 சதவீதம் கூடும்; 440 ஹெர்ட்ஸில் அது 6 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் குறைவு. பியானோவின் அடுத்த கட்டையோ 26 ஹெர்ட்ஸ் தள்ளி இருக்கிறது.

உஷ்ஷாக் என்ற மகாமைப் பாருங்கள் (மகாம் என்பது நம் ராகம் போன்றது). அதன் இரண்டாம் சுரம் ஆதார சுரத்திலிருந்து 8 கோமா உயரத்தில் இருப்பதாக ஏட்டில் இருக்கிறது. பாடகர் மேலிருந்து இறங்கும்போது அது இன்னும் ஓரிரு கோமா தாழ்ந்துவிடும். பியானோவில் அந்த இடத்தில் கட்டையே இல்லை. ஒரே சுரம் ஏறும்போது ஒரு உயரத்திலும் இறங்கும்போது வேறு உயரத்திலும் நிற்பது என்னை ஒவ்வொரு முறையும் சிலிர்க்க வைக்கிறது! அழுகிற குரலும் இப்படித்தான் சறுக்கி இறங்கும். விதியையும் பிரிவையும் பாடும் வரிகள் புரியாதவருக்கும் துயரம் எட்டுவதற்கு இந்தச் சறுக்கல் பெரிய காரணம் என்பது என் கருத்து.

கருவிகளும் இதற்கு வளைந்துகொடுக்கின்றன. வீணையின் மெட்டுகள், அதாவது சுர இடங்களைக் குறிக்கும் தண்டின் குறுக்குக் கம்பிகள், மெழுகில் பதிந்தவை. பக்லாமாவில் நைலான் இழையைத் தண்டில் சுற்றிக் கட்டுகிறார்கள், வேண்டிய இடத்துக்கு நகர்த்தலாம். வயலினுக்கு மெட்டே கிடையாது. பல வயலின்கள் ஒரே மெலடியை வாசிக்கும்போது அவற்றின் அதிர்வெண்கள் நூலளவு விலகி, ஒலி தடித்து நடுங்கும்.

இந்தச் சுரங்களைச் சுருதி பிசகு என்று ஒதுக்குவது வெறும் மூடநம்பிக்கை. 12 பங்கு என்பது ஒரு வசதி, இயற்கை விதி அல்ல. ஒலி இயற்பியல் ஆய்வுக்கு நிதி ஒதுக்குகிறவர்கள் பியானோவுக்கு வெளியே உள்ள இசைகளையும் அளக்கப் பணம் கொடுக்க வேண்டும்.