டிஆர் செல் ஃபியூஸ் போன வால்வு இல்லை, தம்பி!

இந்த வருஷம் இது மூன்றாவது. பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய கப்பல் ரேடாரைக் கல்லூரிப் பையன்கள் நாலு பேர் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். "அனுப்புது சார், ஆனா ஒண்ணும் திரும்பி வரலைங்க." மூடியைக் கழற்றினேன். ஒரே ஆன்டெனா அனுப்பவும் வாங்கவும் செய்யும் ரேடாரில், அனுப்பும் நேரத்தில் ரிசீவரைக் காக்கும் வாயுக் குழாய்தான் டிஆர் செல். அது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வேவ்கைடு (ரேடார் அலை போகும் உலோகக் குழாய்) துண்டு. கேட்டால், "பழைய ரேடியோ வால்வு மாதிரி இருந்துச்சு, எடுத்துட்டோம். அனுப்புறதுக்கும் வாங்குறதுக்கும் மாத்திவிட ஸ்விட்ச் போர்டுலயே ரிலே இருக்கும்ங்களே சார்?"

இல்லை. இருக்கவும் முடியாது. ரிலே ஒருமுறை மாறவே சில மில்லி விநாடி ஆகும். ஒரே மில்லி விநாடியில் ரேடார் அலை 150 கிலோமீட்டர் போய்த் திரும்பிவிடும். ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்று 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கட்டடத்தைப் பார்த்தால், எதிரொலி 67 மைக்ரோ விநாடியில் வந்து நிற்கும். ரிலே அப்போதுதான் கிளம்பியிருக்கும்!

டிஆர் செல்லுக்கு யாரும் உத்தரவு போடுவதில்லை. ரேடார் அலையை உண்டாக்கும் மேக்னட்ரானின் 25 கிலோவாட் துடிப்பு பட்டதும் உள்ளிருக்கும் வாயு அயனியாகி, ரிசீவர் பக்கம் சுவர் எழுப்பிவிடும். துடிப்பு நின்ற சில மைக்ரோ விநாடியில் சுவர் கரையும், எதிரொலி உள்ளே போகும். அந்தச் சுவரைத்தான் பிடுங்கிவிட்டார்கள். ரிசீவரில் எதிரொலியை வாங்கும், மில்லிவாட்டுக்குப் பழகிய மிக்ஸர் கிரிஸ்டல் என்ன செய்யும், பாவம்? புதிய செட்டுகளில் இந்த வேலையைச் அலையை உரிய வழியில் திருப்பிவிடும் சர்க்குலேட்டரும், மிஞ்சிய சக்தியைத் தடுக்கும் டையோடு லிமிட்டரும் பார்க்கின்றன.

மெக்கானிக் நண்பர்களுக்கும் ஒன்று. கிரிஸ்டல் இரண்டாவது முறை போனால் மூன்றாவதை மாட்டாதீர்கள். முதலில் செல்லின் வாயுவை எப்போதும் தயாராக வைத்திருக்கும் கீப்-அலைவ் வோல்டேஜைப் பாருங்கள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டால் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மேக்னட்ரானுக்குத் துடிப்பு கொடுக்கும் மாடுலேட்டரின் கெப்பாசிட்டரில் பல ஆயிரம் வோல்ட் நிற்கும். இன்சுலேட்டட் கைப்பிடி உள்ள, எர்த் கட்டிய கம்பியால் டிஸ்சார்ஜ் செய்யுங்கள், ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். திறந்த வேவ்கைடுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள், கண் போகும். லைசென்ஸ் இல்லாமல் மொட்டை மாடியில் ஆன் செய்வது சட்டப்படி குற்றம்.

அப்புறம், பழைய செல்கள் சிலவற்றில் வாயு சட்டென்று பற்றிக்கொள்ளக் கொஞ்சம் கதிரியக்கப் பொருள் வைத்திருப்பார்கள். தயவுசெய்து உடைக்காதீர்கள்.

கழற்றிய செல் எங்கே என்று கேட்டேன். ஹாஸ்டல் மேஜையில் பேப்பர் வெயிட்டாம். டப்பாவில் பஞ்சு வைத்து, தட்டாமல் நாளைக்கே எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.